செயற்கை ஈரநிலம் சரியாகச் சுத்திகரிக்கவில்லையா? மண்வெட்டியைக் கடைசியில் எடுங்கள்

நாணல் போன்ற செடிகளை நட்ட படுகை வழியாகக் கழிவுநீரை விட்டுச் சுத்திகரிப்பதுதான் செயற்கை ஈரநிலம். நகரக் கழிவுநீருக்காகக் கட்டிய அப்படியொரு நாணல் படுகை மக்கர் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்லெட் பக்கம் ஜல்லிக்கு மேலே கறுப்புத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அழுகிய முட்டை நாற்றம். ஆய்வகத்திலிருந்து வந்த தாளில் பிஓடி, அதாவது நீரில் உள்ள கழிவைச் சிதைக்க பாக்டீரியா எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு, வரம்பைத் தாண்டியிருக்கிறது. உடனே எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: ஜல்லி அடைத்துவிட்டது, தோண்டி மாற்றிவிடலாம். அப்படியே தோண்டிப் புது ஜல்லியும் போட்டு, கொஞ்ச காலத்திலேயே அதே இடத்தில் அதே கறுப்புத் தண்ணீரைப் பார்ப்பதும் இந்தத் துறையில் புதிதில்லை. அடைப்பு தெரிவது படுகையில்தான். அதற்கான காரணம் பல நேரம் அதற்குப் பத்து மீட்டர் முன்னால், கசடு வாராத தொட்டியில் இருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டி தண்ணீர் வருகிற வரிசையிலேயே போகிறது. முதலில் எண்கள், அப்புறம் ஓட்டம், தொட்டி, பகிர்வுக் குழாய், அதற்குப் பிறகுதான் படுகை.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஜல்லிக்குள்ளேயே தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து போவது கிடைப்படுகை. மேலே தெளித்து, மணல் வழியாகக் கீழே இறங்கி, அடுத்த முறை தெளிக்கும்வரை காற்று உள்ளே புகுவது செங்குத்துப் படுகை. செடிகளுக்கு நடுவே குளம் போலத் தண்ணீர் வெளியே தெரிவது திறந்த நீர்ப்பரப்பு வகை. மூன்றுக்கும் கோளாறுகள் வேறு, வைத்தியமும் வேறு. கிடைப்படுகைக்குச் சொன்ன மருந்தைச் செங்குத்துப் படுகைக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

படி 1: கையில் இருக்கும் எண் சரியான எண்தானா?

ஒரே ஒரு மாதிரி எடுத்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். காலை எட்டு மணிக்கு எடுத்த தண்ணீரும் நள்ளிரவில் எடுத்த தண்ணீரும் ஒன்றாக இருக்காது. 24 மணி நேரத்துக்கும் ஓட்டத்துக்கு ஏற்ற அளவில் சேகரித்துக் கலந்த மாதிரியை இன்லெட்டிலும் அவுட்லெட்டிலும் எடுங்கள். அவுட்லெட் குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் பாசியைச் சுரண்டிக்கொண்டு பாட்டிலுக்குள் போடுவதும் நடக்கிறது. அது ஒன்றே திடப்பொருள் அளவை ஏற்றிவிடும்.

பிஓடியில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெளியேறும் நீரில் அம்மோனியா கொஞ்சம் மிச்சம் இருந்து, அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவும் கூடவே வந்தால், அவை ஆய்வகப் பாட்டிலுக்குள்ளும் வேலையைத் தொடரும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற சுமார் 4.57 மி.கி. ஆக்சிஜன் போகும். அப்படியானால் லிட்டருக்கு 5 மி.கி. மட்டும் பாட்டிலுக்குள் மாறினாலே, தாளில் 23 மி.கி. பிஓடி கூடுதலாகத் தெரியும். கரிமக் கழிவு துளிகூட ஏறியிருக்காது. அல்லைல்தயோயூரியா போன்ற தடுப்பான் சேர்த்துச் சோதித்தார்களா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். ஓரளவு நன்றாக வேலை செய்யும் படுகையைத்தான் இந்தப் பிழை அதிகம் தண்டிக்கும்.

வெயில் காலத்தில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 450 சதுர மீட்டர் படுகையிலிருந்து ஒரு நாளில் 8 மில்லிமீட்டர் நீர் ஆவியாகப் போனால் அது 3.6 கன மீட்டர். உள்ளே 30 கன மீட்டர் வந்தால் வெளியே போவது 26.4 தான். ஆவியாதல் இல்லாவிட்டால் 30 மி.கி. காட்டியிருக்கும் நீர் இப்போது 34 காட்டும். வெளியே போன அழுக்கின் மொத்த எடை மாறவில்லை. செறிவை மட்டும் பார்க்காமல் ஓட்டத்தோடு பெருக்கி, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள்.

அப்புறம், பூஜ்யத்தைத் துரத்தாதீர்கள். இலையும் வேரும் அழுகுவதால் ஈரநிலமே கொஞ்சம் கரிமப்பொருளை உண்டாக்கும். லிட்டருக்கு 2 முதல் 10 மி.கி. பிஓடி எப்போதும் இருக்கத்தான் செய்யும்.

படி 2: ஓட்டத்தை அளந்து பாருங்கள்

வடிவமைப்புத் தாளில் 30 கன மீட்டர் என்று எழுதியிருப்பது இன்றைய ஓட்டம் அல்ல. பம்ப் ஓடும் நேரத்தைக் குறித்து, தொட்டி எவ்வளவு நேரத்தில் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பார்த்தாலே பம்ப் உண்மையில் தள்ளும் அளவு தெரிந்துவிடும். ஒரு வாரம் தொடர்ந்து எழுதுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கும் நல்ல ஓட்டம் இருந்தால், நிலத்தடி நீர் உடைந்த குழாய் வழியாகச் சாக்கடைக்குள் புகுகிறது என்று சந்தேகப்படலாம். மழை பெய்த நாளில் ஓட்டம் பல மடங்கு ஏறினால், எங்கேயோ மழைநீர்க் குழாயை இதில் இணைத்திருக்கிறார்கள். அந்த வெள்ளம் தொட்டியின் அடிக்கசடைக் கிளறிப் படுகைக்குள் கொண்டுபோய்க் கொட்டும். ஒரு மழை நாளில் வந்து சேரும் கசடு பல வாரத்து வரவுக்குச் சமமாக இருக்கலாம்.

உள்ளே வருவதைவிட வெளியே போவது குறைவாக இருந்து, ஆவியாதலைக் கழித்தும் கணக்கு இடித்தால், தண்ணீர் மண்ணுக்குள் கசியாமல் இருக்கப் படுகையின் அடியில் விரித்த ஷீட் கிழிந்திருக்கலாம். இன்லெட்டையும் அவுட்லெட்டையும் ஓர் இரவு மூடிவிட்டு நீர்மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். இரவில் ஆவியாதல் குறைவு என்பதால் கசிவு தனியாகத் தெரியும்.

படி 3: முன்னால் இருக்கும் தொட்டியைத் திறங்கள்

எனக்கு ஒரே ஒரு இடத்தைப் பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தால் நான் படுகையைப் பார்க்க மாட்டேன், செப்டிக் டேங்க்கின் மூடியைத்தான் திறக்கச் சொல்வேன். அடியில் படிந்த கசடும் மேலே மிதக்கும் ஏடும் சேர்ந்து தொட்டியின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டால், கசடு வாரும் நேரம் வந்துவிட்டது. பாதியைத் தாண்டியிருந்தால் உங்கள் கசடு ஏற்கெனவே படுகைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அளக்க ஒரு நீளமான கம்பும் வெள்ளைத் துணியும் போதும். துணியைக் கம்பில் சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிடம் வைத்து மெதுவாக எடுத்தால், கசடு எட்டிய உயரம் வரை துணி கறுத்திருக்கும். எதற்காகவும் யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது, தலையை உள்ளே நீட்டவும் கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சிலேயே ஆளை வீழ்த்தும். செறிவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

தொட்டியின் வெளியேற்றத்தில் வடிகட்டி இருக்கிறதா, கழுவினார்களா, தடுப்புச் சுவர் உடைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். செங்குத்து மணல் படுகைக்குப் போகும் நீரில் திடப்பொருள் லிட்டருக்கு 100 மி.கி.க்குக் கீழே இருக்க வேண்டும். சமையலறை எண்ணெய் அதிகம் வருகிற இடமென்றால் தனியாக ஒரு எண்ணெய்ப் பொறி இல்லாமல் காலம் தள்ள முடியாது.

படி 4: தண்ணீர் எல்லா இடத்துக்கும் சமமாகப் போகிறதா?

படுகையின் அகலம் முழுவதும் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கும் தொட்டியில் ‘வி’ எழுத்து போல வெட்டிய வழிகள் இருக்கும். இந்தத் தொட்டி ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்துவிட்டது என்று வையுங்கள். ஒரு முனையில் வெட்டுக்குள் 3 செ.மீ. நீர், மறு முனையில் 2 செ.மீ. பார்ப்பதற்குப் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இப்படிப்பட்ட வெட்டில் ஓட்டம் நீர் உயரத்தின் 2.5 அடுக்குக்கு (உயரம்^2.5) ஏற்ப ஏறும். கணக்குப் போட்டால் தாழ்ந்த முனையில் உயர்ந்த முனையைப் போல இரண்டே முக்கால் மடங்கு தண்ணீர் போகிறது. படுகையின் ஒரு பக்கம் மூச்சுத் திணறும்போது மறு பக்கம் சும்மா கிடக்கும். நாணலே இதைக் காட்டிக்கொடுக்கும்: ஒரு பக்கம் கரும்பச்சையாக ஆளுயரம், மறு பக்கம் மெலிந்து வெளிறியிருக்கும்.

ரசமட்டத்தை வைத்து நிமிர்த்துங்கள். ஒரு மணி நேர வேலைதான். துளையிட்ட குழாயாக இருந்தால் கடைசி முனையில் உள்ள மூடியைக் கழற்றி, பம்ப்பை ஓட்டி உள்ளே சேர்ந்த சேற்றை அடித்து வெளியேற்றுங்கள். மூடியே இல்லாமல் முனையை ஒட்டிவிட்டிருந்தால் இப்போதாவது ஒன்று பொருத்திவிடுங்கள்.

படி 5: கிடைப்படுகையில் அடைப்பு

இதுவரை எல்லாம் சரி, ஆனாலும் தண்ணீர் மேலே வருகிறது. முதலில் அவுட்லெட்டில் இருக்கும் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் வளைகுழாயைப் பாருங்கள். களையெடுக்கவோ செடி நடவோ யாராவது மட்டத்தை உயர்த்தி, திரும்ப இறக்க மறந்திருப்பார்கள். பத்து சென்டிமீட்டர் இறக்கியதும் தேக்கம் வடிந்துவிட்டால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். வடியவில்லை என்றால் மேலே படியுங்கள்.

துளையிட்ட பிவிசி குழாய்களை இன்லெட்டிலிருந்து 1, 3, 5, 10 மீட்டர் தூரத்திலும் அவுட்லெட் அருகிலும் ஜல்லிக்குள் இறக்கி, ஒவ்வொன்றிலும் நீர்மட்டத்தை அளங்கள். ஆரோக்கியமான படுகையில் மட்டம் சீராகச் சில சென்டிமீட்டர்தான் சரியும். அடைத்த படுகையில் மொத்தச் சரிவும் முதல் மூன்று நான்கு மீட்டருக்குள் முடிந்து, அதற்கு அப்பால் கிட்டத்தட்ட சமதளமாக இருக்கும். அடைப்பின் எல்லை இப்படிக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் கெட்டுப்போனது இன்லெட்டை ஒட்டிய பட்டை மட்டுமே என்பதும் அப்போது புரியும்.

இப்போது ஏன் அடைத்தது என்ற கேள்வி. பலர் சதுர மீட்டருக்கு எவ்வளவு பிஓடி என்று மட்டும் கணக்கிட்டுவிட்டு நிம்மதி அடைகிறார்கள். அடைப்பை முடிவு செய்வது தண்ணீர் நுழையும் முகப்பு. ஒரு உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். படுகை நீளம் 30 மீட்டர், அகலம் 15 மீட்டர், நீர் ஆழம் அரை மீட்டர். நாளுக்கு 30 கன மீட்டர் நீர் வருகிறது, தொட்டியைத் தாண்டிய பிஓடி லிட்டருக்கு 150 மி.கி. ஆக ஒரு நாளைக்கு 4500 கிராம். 450 சதுர மீட்டருக்குப் பிரித்தால் சதுர மீட்டருக்கு 10 கிராம். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பயப்படும்படி இல்லை. முகப்பின் பரப்பு என்ன? 15 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம், ஆக 7.5 சதுர மீட்டர். 4500 கிராமை இதன் மேல் ஏற்றினால் சதுர மீட்டருக்கு 600 கிராம். முகப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 250 கிராம் பிஓடியைத் தாண்டக் கூடாது என்பதே வடிவமைப்பில் பரவலாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. இந்தப் படுகை பிறக்கும்போதே அடைப்போடு பிறந்தது.

இதே 450 சதுர மீட்டரை 36 மீட்டர் அகலம், 12.5 மீட்டர் நீளம் என்று கட்டியிருந்தால் முகப்பு 18 சதுர மீட்டர் ஆகியிருக்கும், சுமை சரியாக 250 கிராம். நிலம் அதே நிலம், ஜல்லியும் அதே அளவு. நீளமாக இருந்தால்தான் நன்றாகச் சுத்தமாகும் என்ற எண்ணத்தில் ஒல்லியாகக் கட்டிவிடுகிறார்கள்.

கட்டி முடித்ததை அகலப்படுத்த முடியாதே என்றால், வழி உண்டு. எல்லாத் தண்ணீரையும் ஒரே முகப்பில் கொட்டாமல், நடுவில் இன்னொரு பகிர்வுக் குழாய் போட்டு ஒரு பங்கை அங்கே கொடுக்கலாம். படுகையின் நீளத்தை நடுவில் பாதியாகப் பிரித்து, தனித்தனி இன்லெட் உள்ள இரண்டு குட்டையான படுகைகளாக ஒரே நேரத்தில் ஓட்டலாம். மொத்தச் சுமையையே குறைக்க முடியுமென்றால் அதுதான் முதல் வேலை.

அடைத்ததைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை. அடைத்த இடத்தில் ஒரு வாளி ஜல்லியை எடுத்துக் கழுவி, சேற்றைத் தெளியவிட்டு, உலர்த்தி, ஆய்வகத்தில் 550 டிகிரி செல்சியஸில் எரிக்கச் சொல்லுங்கள். எடையில் பெரும்பங்கு எரிந்து போனால் அடைத்தது பாக்டீரியாப் படலமும் கரிமக் கசடும். ஓய்வு கொடுத்தால் அது சுருங்கும். சாம்பல்தான் அதிகம் மிஞ்சியது என்றால், அது வண்டல், மணல், கழுவாமல் கொட்டிய ஜல்லியின் தூசி. எத்தனை மாதம் காயப்போட்டாலும் மண் மண்ணாகவே இருக்கும்.

ஓய்வு கொடுப்பது எளிது, ஆனால் பக்கத்தில் இன்னொரு படுகை இருக்க வேண்டும். வால்வை மூடி, தண்ணீரை முழுவதும் வடித்து, சில வாரங்கள் காற்றுப் படவிட்டால் படலம் காய்ந்து சிதையும். அந்த நாட்களில் மற்ற படுகை இரட்டைச் சுமை தாங்கும் என்பதை மறக்காமல், மழையில்லாத, வெதுவெதுப்பான காலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவதும் ஒரு வழி. வேகமாக வேலை செய்யும். ஆனால் செலவு, கையாள்வதில் ஆபத்து, ஊற்றிய இடத்தில் செடியும் போகும். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் அடைப்பு திரும்பி வரும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை.

இத்தனைக்கும் பிறகுதான் மண்வெட்டி. குழாய் அளவீடு காட்டிய பட்டையை மட்டும் தோண்டுங்கள். அடி ஷீட்டுக்கு அருகில் இயந்திரம் வேண்டாம், கையாலேயே எடுங்கள். எடுத்த ஜல்லியைச் சலித்துக் கழுவித் திரும்பப் போடலாம். இன்லெட் முகப்பில் 40 முதல் 80 மி.மீ. பெரிய கல், உள்ளே 8 முதல் 16 மி.மீ. ஜல்லி என்ற வரிசை வழக்கமானது. இரண்டுக்கும் நடுவே துணி விரிப்பு போடும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அடுத்த அடைப்பு அந்தத் துணியில்தான் வரும்.

படுகையில் ஜல்லிக்குப் பதில் களிமண் கலந்த மண் இருக்கிறதா? அப்படியானால் உங்கள் கையில் இருப்பது ஒரு பழைய தவறு. 1950களில் ஜெர்மனியில் கெத்தே ஸைடல் தண்ணீர்ச் செடிகளைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆய்வைத் தொடங்கினார். பின்னால் ரைன்ஹோல்ட் கிக்குத் மண்ணை நிரப்பிய ‘வேர் மண்டல’ முறையைப் பரப்பினார். நாணல் வேர்கள் நாளடைவில் மண்ணைத் துளைத்து வழி உண்டாக்கும் என்பது எதிர்பார்ப்பு. அப்படி நடக்கவில்லை. தண்ணீர் மண்ணுக்குள் போகாமல் மேலேயே வழிந்தது. அதற்குப் பிறகுதான் ஜல்லி வழக்கமானது.

படி 6: உப்பு போட்டுப் பாருங்கள்

தேக்கம் இல்லை, நாற்றம் இல்லை, ஆனாலும் சுத்தமாகவில்லை என்றால் தண்ணீர் குறுக்கு வழியில் ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டும். நம் உதாரணப் படுகையில் ஜல்லிக்கு நடுவே இடைவெளி 38 சதவீதம் என்று கொண்டால் உள்ளிருக்கும் நீர் 85.5 கன மீட்டர். 30 கன மீட்டர் ஓட்டத்தில் அது 2.85 நாள் தங்க வேண்டும்.

10 கிலோ சாதாரண உப்பை நிறையத் தண்ணீரில் கரைத்து இன்லெட் முழுவதும் ஊற்றுங்கள். கெட்டியான உப்புக் கரைசல் அடியில் அமிழ்ந்து தவறான முடிவைக் கொடுக்கும் என்பதால் ஆயிரம் லிட்டர் தொட்டியில் கரைத்தால் நல்லது. அவுட்லெட்டில் மின்கடத்துதிறனை மணிக்கொரு முறை குறியுங்கள். உப்பின் உச்சம் இரண்டாம் நாளுக்குப் பிறகு வந்தால் சரி. பன்னிரண்டு மணி நேரத்திலேயே கூர்மையாக எகிறினால் எங்கேயோ ஓடை போல ஒரு வழி திறந்திருக்கிறது. படுகையின் ஓரமோ, வேர்ப்பாய்க்கு அடியில் உள்ள பகுதியோ அடிக்கடி அகப்படும் குற்றவாளிகள். எட்டு ஒன்பது நாள் அளந்தும் போட்ட உப்பில் பெரும்பங்கு வெளியே வரவில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள், கசிவு இருக்கிறது.

படி 7: செங்குத்துப் படுகையில் தேக்கம்

இந்தப் படுகைக்கு உயிர் காற்று. ஒவ்வொரு முறை தெளித்த பிறகும் தண்ணீர் மேலிருந்து மறைந்து, அடுத்த முறைக்கு முன் மணல் மூச்சுவிட வேண்டும். அடுத்த தெளிப்பு வரும்போதும் பழைய தண்ணீர் நிற்கிறது என்றால் அந்தப் பகுதி செத்துக்கொண்டிருக்கிறது. ஒரு முறை தெளித்துவிட்டுக் கடிகாரத்தோடு நின்று பாருங்கள், எந்த மூலையில் எத்தனை நிமிடத்தில் வடிகிறது என்று ஒரு வரைபடத்தில் குறியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதே வரைபடத்தைப் போட்டால், ஆய்வகத் தாள் சொல்வதற்கு ரொம்ப நாள் முன்பே உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

சைபன் (தொட்டி நிரம்பியதும் பம்ப் இல்லாமலே தண்ணீரை மொத்தமாகக் கொட்டும் வளைகுழாய்) வைத்த அமைப்பில் அடிக்கடி நடப்பது: சைபன் மொத்தமாகக் கொட்டாமல் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். மொத்த ஓட்டம் மாறாததால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் தண்ணீர் குழாயின் முதல் சில துளைகளிலேயே இறங்கி, அங்கே மட்டும் மணல் அடைத்துவிடும். சைபனைக் கழற்றிக் கழுவி, காற்றுக் கசிவை அடைத்தால் சரியாகிவிடும். பம்ப் என்றால் மிதவை சுவிட்சின் உயர வித்தியாசத்தைக் கூட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை தருவதைவிட, பரப்பு முழுவதும் நனையும்படி மொத்தமாகச் சில முறை தருவது மேல். அடியில் உள்ள வடிகுழாய்களோடு இணைந்த காற்றுக் குழாய்களின் வாயை யாராவது மூடிவைத்திருக்கிறார்களா என்றும் ஒரு பார்வை.

மணலும் முக்கியம். கட்டுமான வேலைக்கு வாங்கிய மணலைக் கொட்டியிருந்தால் நுண்துகள் நிறைய இருக்கும். செங்குத்துப் படுகைக்குத் தேவை, பத்து சதவீத எடை மட்டும் கடந்து போகும் சல்லடை அளவு 0.2 முதல் 0.4 மி.மீ. வரை உள்ள, ஏறக்குறைய ஒரே பருமனான கழுவிய மணல்.

சலித்த கழிவுநீரைத் தொட்டி இல்லாமல் நேரடியாக ஜல்லிப் படுகையில் விடும் பிரெஞ்சு முறைக்கு வேறு கணக்கு. அங்கே மேலே கசடு சேர்வது கோளாறு இல்லை, வடிவமைப்பே அதுதான். வருடத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளரும், சுமார் 20 செ.மீ. ஆனதும் வாரினால் போதும். அந்தக் கசடுதான் வடிகட்டி. முதல் கட்டத்தில் மூன்று படுகைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்றரை நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு. இந்த முறையில் சிக்கல் என்றால் பத்தில் எட்டு தடவை காரணம், வால்வைத் திருப்ப ஆள் வராததுதான் என்பது என் கணிப்பு.

படி 8: பிஓடி சரி, அம்மோனியா மட்டும் இறங்கவில்லை

இங்கே பலர் செடியைக் குறை சொல்வார்கள். வேர் ஆக்சிஜன் தருகிறது என்று எல்லாப் பாடத்திலும் படித்திருப்போம். தருகிறது, ஆனால் எவ்வளவு? நம் உதாரணப் படுகையில் லிட்டருக்கு 35 மி.கி. அம்மோனியா நைட்ரஜனை மாற்ற வேண்டும் என்றால், 30 கன மீட்டரில் அது 1050 கிராம். ஒவ்வொரு கிராமுக்கும் 4.57 கிராம் ஆக்சிஜன் என்றால் நாளுக்கு 4.8 கிலோ, அதாவது சதுர மீட்டருக்குப் பத்தரை கிராமுக்கு மேல். பிஓடி கேட்கும் ஆக்சிஜன் இதற்கு மேல். வேர்கள் தருவது பெரும்பாலும் சதுர மீட்டருக்குச் சில கிராம்தான், அதிலும் பெரும்பங்கை வேரே எடுத்துக்கொள்ளும். எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் கிடைப்படுகையிடம் அம்மோனியாவைக் குறைக்கச் சொல்வது நடக்காத காரியம். அதைப் பராமரிப்புக் குறை என்று ஊழியர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

வழி என்றால், முன்னாலோ பின்னாலோ ஒரு செங்குத்துப் படுகை சேர்க்கலாம். அல்லது படுகையின் அடியில் துளைக் குழாய் போட்டு ஊதுகாற்று செலுத்தலாம். பின்னது மின்சாரம் கேட்கும், ஆனால் இடம் கேட்காது.

செங்குத்துப் படுகையிலேயே அம்மோனியா இறங்கவில்லை என்றால் வெளியேறும் நீரில் நைட்ரேட்டை அளங்கள். நைட்ரேட்டும் இல்லை, அம்மோனியாவும் அப்படியே இருக்கிறது என்றால் காற்றுப் போகவில்லை. ஏழாம் படிக்குப் போங்கள். ஓரளவு நைட்ரேட் உண்டாகி அதற்கு மேல் நின்றுவிட்டால் காரத்தன்மையை, அதாவது அமிலத்தைச் சமாளிக்கும் நீரின் திறனைப் பாருங்கள். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7.14 கிராம் காரத்தன்மை தீரும். 35 மி.கி.க்கு 250 மி.கி. வேண்டும். வருகிற நீரில் 200 தான் இருந்தால் பிஎச் சரிந்து பாக்டீரியா பாதியில் நின்றுவிடும். சுண்ணாம்புக்கல் சேர்ப்பது ஒரு வழி. குளிரும் காரணமாக இருக்கலாம். நீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் இந்த பாக்டீரியாவின் வேகம் நன்றாகவே குறையும்.

அம்மோனியா போய் நைட்ரேட் மட்டும் நிற்கிறது என்றால் இப்போது ஆக்சிஜன் இல்லாத இடமும் கரிம உணவும் வேண்டும். வெளியேறும் நீரில் ஒரு பங்கைத் திரும்ப செப்டிக் டேங்க்குக்கு அனுப்பினால் இரண்டும் அங்கே கிடைக்கும். வருகிற ஓட்டத்துக்குச் சமமாகத் திருப்பினால் அதிகபட்சம் பாதி நைட்ரேட் போகும். அதே நேரம் படுகைக்குப் போகும் தண்ணீர் இரட்டிப்பாகும், தொட்டியிலும் கசடு கிளறும். சிறிய அளவில் தொடங்குங்கள்.

அழுகிய முட்டை நாற்றமும் இந்த ஆக்சிஜன் கணக்கில்தான் வரும். ஆக்சிஜனும் நைட்ரேட்டும் தீர்ந்த பிறகு பாக்டீரியா சல்பேட்டைப் பிடிக்கும், சல்பைடு உண்டாகும். அவுட்லெட்டில் பால் கலந்தது போல வெண்மை தெரிந்தால், அந்தச் சல்பைடு காற்றைத் தொட்டுக் கந்தகமாகப் படிகிறது. சுமையைக் குறைத்தால் இரண்டும் அடங்கும்.

பாஸ்பரஸைப் பற்றிச் சுருக்கமாக: முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் அருமையாகக் குறையும், அப்புறம் குறையாது. ஜல்லியும் மணலும் பிடித்துக்கொள்ளும் இடம் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். நாணலை அறுத்து எடுத்தாலும் நகரக் கழிவுநீரின் சுமையில் சிறு பங்குதான் போகும். முன்தொட்டியில் இரும்பு அல்லது அலுமினிய உப்பு சேர்க்கலாம், அல்லது கடைசியில் மாற்றக்கூடிய வடிகட்டி ஒன்றைத் தனியாக வைக்கலாம். எஃகுக் கசடுக்கல் நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெளியேறும் நீரின் பிஎச்சை மிகவும் ஏற்றிவிடும்.

படி 9: திறந்த நீர்ப்பரப்பும் செடிகளும்

திறந்த வகையில் முதல் புகார் கொசு. சாய்ந்து மடிந்த சம்புப் புல் பாயாகப் படுத்துக் கிடக்கும் இடங்களில், மீன் நுழைய முடியாத ஓரங்களில்தான் அது பெருகும். அந்தப் பாயை அகற்றி, ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, நீர் நகரும்படி செய்யுங்கள். மீன் விட்டும் செத்துப்போகிறது என்றால் சுமை அதிகமாகி நீரில் ஆக்சிஜன் இல்லை. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் பாக்டீரியா மருந்து லார்வாவைக் கொல்லும், ஆனால் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அவுட்லெட்டில் பச்சையாகத் தண்ணீர் வந்து திடப்பொருள் ஏறினால், அது கழிவு அல்ல, பாசி. வெயில் படும் திறந்த நீரில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தங்கினால் பாசி பிடிக்கும். அவுட்லெட்டுக்கு முன்னால் அடர்த்தியான செடிப் பகுதி ஒன்று நிழல் தரும்படி இருக்கட்டும். பறவைக் கூட்டம் இறங்குகிற இடத்தில், மலம் கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா ஏறுவதும் இயல்புதான்.

செடி மஞ்சளாவதைப் பார்த்ததும் உரம் தேடாதீர்கள், கழிவுநீரில் சத்துக்குப் பஞ்சமில்லை. புதிதாக நட்ட நாற்று என்றால் இலை மூழ்கும் அளவு தண்ணீர் நிற்கிறதா, அல்லது மட்டம் வேருக்கு எட்டாமல் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். வளர்ந்த செடி இன்லெட்டில் மட்டும் பட்டுப்போனால் சல்பைடோ கசடோ காரணம். எல்லா இடத்திலும் ஒரே வாரத்தில் கருகினால் சாக்கடையில் யாரோ எதையோ கொட்டியிருக்கிறார்கள். தானாக முளைக்கும் மரக்கன்றைச் சின்னதிலேயே பிடுங்கிவிடுங்கள். அதன் வேர் ஷீட்டைத் தேடிப் போகும்.

சரிசெய்த பிறகு

ஒரே நாளில் நான்கு மாற்றம் செய்துவிட்டு எது பலித்தது என்று தெரியாமல் நிற்கும் தவறைச் செய்யாதீர்கள். ஒன்றை மாற்றுங்கள், தங்கும் காலத்தைப் போல மூன்று மடங்காவது காத்திருங்கள், அப்புறம் அளங்கள். நம் உதாரணத்தில் அது ஒன்பது நாள். இது தண்ணீர் மாறுவதற்கான காலம் மட்டுமே. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா திரும்ப நிலைகொள்ளப் பல வாரமும் ஆகலாம், குளிர்காலம் என்றால் அதற்கு மேலும்.

பம்ப் ஓடிய நேரம், குழாய்களின் நீர்மட்டம், தொட்டிக் கசடின் உயரம், வால்வு திருப்பிய தேதி ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, பம்ப் அறையிலேயே தொங்கவிடுங்கள். அடுத்த தடவை ஜல்லிக்கு மேலே தண்ணீர் தெரியும்போது முதலில் புரட்ட வேண்டியது அதைத்தான்.